தொட்டியின் விலையிலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: ஐயா, வீட்டிலேயே ஒரு ஸ்பா அமைக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. என் கணவருக்கு முதுகுவலி, மாமியாருக்கு மூட்டுவலி. மொட்டை மாடி சும்மா கிடக்கிறது. அங்கே ஐந்து பேர் உட்காரும் வெந்நீர்த் தொட்டி வைக்கலாம் என்று மூன்று இடங்களில் விலை கேட்டோம். மூவர் சொன்ன தொகைக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்கிறார் ஒருவர். தளம் தாங்குமா? மொத்தம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்? மாதச் செலவை எப்படிக் கணக்கிடுவது? எட்டு வயது மகனும் தொட்டியில் இறங்கலாமா? தொட்டி சரிப்படாது என்றால் நீராவி அறை போதுமா?
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கடிதத்தைப் படித்ததும் என்னை நிறுத்தியது ‘மொட்டை மாடி’ என்ற சொல்தான். விலையைப் பிறகு பேசுவோம். முதலில் எடை.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து பேர் உட்காரும் தொட்டியில் ஏறத்தாழ 1,200 லிட்டர் தண்ணீர் நிற்கும். வெறும் தொட்டியே மோட்டார், ஹீட்டர், சட்டம் எல்லாம் சேர்ந்து 350 கிலோ அளவுக்கு வரும். ஆளுக்கு 70 கிலோ என்று ஐந்து பேர் இறங்கினால் இன்னொரு 350. ஆக மொத்தம் 1,900 கிலோ. இவ்வளவும் இரண்டு மீட்டர் சொச்சம் நீள அகலமுள்ள ஒரு சதுரத்தின் மேல் இறங்குகிறது. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 430 கிலோ. வீட்டு அறைகளின் தளத்தில் ஆட்களும் சாமான்களும் ஏற்றக்கூடிய பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு என்றுதான் பல நாடுகளின் கட்டட விதிகள் எடுத்துக்கொள்கின்றன. நடமாட்டம் குறைவு என்று கருதிக் கட்டிய மாடித் தளம் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அதாவது தளத்தைக் கட்டியவர் மனத்தில் வைத்த பாரத்தைப் போல் இரண்டு மடங்கை, இரவும் பகலும் இறக்காமல், ஆண்டுக்கணக்கில் அதன் மேல் வைக்கப் போகிறீர்கள். ‘கல்யாண வீட்டில் நூறு பேர் நின்றார்களே, தாங்கியதே’ என்று சிலர் சொல்வார்கள். அந்த நூறு பேர் மாடி முழுக்கப் பரவி நின்றார்கள். சில மணி நேரத்தில் இறங்கியும் போய்விட்டார்கள்.

இதனால் மாடியில் வைக்கவே கூடாது என்று ஆகிவிடாது. கட்டுமானப் பொறியாளர் ஒருவர் வந்து, உத்தரங்களும் தூண்களும் எங்கே போகின்றன, உள்ளே கம்பி எவ்வளவு போட்டிருக்கிறது என்பதை வரைபடத்தோடு பார்த்து, எந்த மூலையில் வைக்கலாம் என்று கணக்கிட்டுக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். தொட்டி விற்பவரின் ‘தாங்கும் சார்’ போதாது. மேஸ்திரி எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அவருடைய வாக்கும் போதாது. பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணம் உங்கள் திட்டத்தின் முதல் செலவாக இருக்கட்டும். ‘வேண்டாம்’ என்று அவர் சொல்லிவிட்டால்கூட அது வீண்செலவு ஆகாது.

என்னைக் கேட்டால் மாடியையே விட்டுவிடச் சொல்வேன். காரணம் எடை மட்டும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். ஸ்பா வைத்த வீடுகளில் எதில் அதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள், எதில் அது மூடியே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். படுக்கை அறையிலிருந்தோ பின்வாசலிலிருந்தோ பத்தடியில் தொட்டி இருக்கும் வீட்டில் அதன் மூடி அடிக்கடி திறக்கிறது. மாடி ஏறிப் போய், ஈரத் துண்டோடு மறுபடி படி இறங்க வேண்டிய வீட்டில் மூன்றாம் மாதமே ஆர்வம் வடிந்துவிடுகிறது. அதிலும் நீங்கள் இதை முக்கியமாக நினைப்பது மூட்டுவலிக்காரரான உங்கள் மாமியாருக்காக. ஊறி முடித்து, வெந்நீரில் தளர்ந்த கால்களோடு அவர் ஈரப்படியில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரைமேல் நிற்கும் தொட்டியின் விளிம்பு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் சாப்பாட்டு மேசையைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு வீட்டில் அம்மாவுக்காகவே ஆசைப்பட்டுத் தொட்டி வாங்கினார்கள். அந்த அம்மா ஒரே ஒரு முறை இரண்டு மகன்கள் கைத்தாங்கலாகப் பிடிக்க ஏறி இறங்கினார். அடுத்த முறை ‘எனக்கு வேண்டாம்பா, நீங்கள் குளியுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தொட்டியில் குறை ஒன்றும் இல்லை. ஏறும் வழியை யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அகலமான இரண்டு படி, உறுதியாகப் பதித்த கைப்பிடி, விளிம்பில் உட்கார்ந்து காலைத் திருப்பி உள்ளே வைக்க இடம் ஆகிய மூன்றும் இருந்திருந்தால் அவரும் இறங்கியிருப்பார். முடிந்தால் தொட்டியைப் பாதி உயரம் தரைக்குள் இறக்கலாம். அப்படிச் செய்தால் குழிக்குத் தனி வடிகாலும், மோட்டார் பக்கம் ஒருவர் குனிந்து வேலை பார்க்க இடமும் விட வேண்டும்.

அந்த இடத்தை விடாமல் போனதால் நேர்ந்ததையும் சொல்கிறேன். பழுது பார்க்க என்னை அழைத்த ஒரு வீட்டில் தொட்டியை மூன்று பக்கமும் சுவரோடு ஒட்டி வைத்து, நான்காவது பக்கத்தில் செங்கல் எழுப்பி டைல்ஸ் பதித்திருந்தார்கள். பார்ப்பதற்கு மிக அழகு. உள்ளே பம்பும் குழாயும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் வளையம். மாற்ற அரை மணி நேரம் போதும். அதை எட்டுவதற்காக டைல்ஸை உடைத்து, செங்கலைப் பெயர்த்து, நனைந்து ஊறிப்போன காப்பு நுரையை அள்ளிப் போட்டு முடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. மோட்டார் இருக்கும் பக்கத்தில் குறைந்தது 60 சென்டிமீட்டர், முடிந்தால் 90 சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள்.

இனி பணம். மூன்று விலைகளுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒருவர் தொட்டியை மட்டும் சொல்கிறார். இன்னொருவர் மூடியையும் படியையும் சேர்த்திருக்கிறார். மூன்றாமவர் மின் இணைப்பையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். கான்கிரீட் தளத்தை மூவருமே சொல்லவில்லை. ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் நீங்களே தலைப்புகளை எழுதி மூவரிடமும் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். தொட்டி, மூடி, படியும் கைப்பிடியும், ஏற்றிக் கொண்டுவந்து இறக்கும் கூலி, தேவைப்பட்டால் கிரேன், தளம், வடிகால், மின் இணைப்பு, முதல் ஆண்டுக்கான ஃபில்டரும் மருந்துகளும், நிறுவிய பின் வந்து பார்க்கும் சர்வீஸ். எது தம் பொறுப்பில் இல்லையோ அதன் எதிரே ‘இல்லை’ என்று எழுத வேண்டும். அந்த ‘இல்லை’களைக் கூட்டினால் மலிவாகத் தெரிந்தவர் பெரும்பாலும் மலிவாக இருக்க மாட்டார்.

ஒதுக்கீட்டுக்கு நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. கையில் உள்ள மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் தொட்டிக்குக் கொடுக்காதீர்கள். மறு பாதியில் தளம், வடிகால், மின்சாரம், ஏற்றுக்கூலி, மூடி, படி எல்லாம் அடங்க வேண்டும். மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தொடாமல் தனியே வைத்துவிடுங்கள். மண்ணைத் தோண்டும்போது பழைய குழாய் குறுக்கே வரும். வீட்டின் மின் பலகை புதிய சுமையைத் தாங்காது என்று எலெக்ட்ரீஷியன் சொல்வார். இத்தகைய செலவு ஏதாவது ஒன்று வராத வீட்டை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்குப்படி ஐந்து பேர் தொட்டி எட்டவில்லை என்றால் சிறிய தொட்டி வாங்குங்கள். தளத்திலும் மின்சாரத்திலும் குறைக்காதீர்கள். பிற்காலத்தில் தொட்டியை மாற்றிக்கொள்ளலாம். அதன் அடியில் இருப்பதை மாற்றுவது பெரும்பாடு.

தரையில் வைப்பதென்றால் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் நீர்மட்டமும் சரியும், தொட்டியின் சட்டமும் முறுக்கிக்கொள்ளும். தொட்டிக்கு வெளியே சுற்றியுள்ள தரைக்கு மட்டும் வடிகாலை நோக்கி வாட்டம் கொடுங்கள். வாங்குவதற்கு முன் வாசல், பக்கவாட்டுச் சந்து, திருப்பம் எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள். தொட்டி பக்கவாட்டில் சாய்த்துத்தான் உள்ளே வரும். அப்போது அதன் உயரம் இரண்டு மீட்டருக்கு மேல். தலைக்கு மேல் போகும் மின்கம்பியையும் கூரை நீட்டத்தையும் மறந்துவிட வேண்டாம்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. 3 கிலோவாட் ஹீட்டர் மட்டும் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதோடு பம்ப் சேர்ந்தால் 20 ஆம்பியரைத் தொடும். சுவரில் இருக்கும் சாதாரண பிளக்கில் இதைச் சொருக நினைக்காதீர்கள். மின் பலகையிலிருந்து இதற்கென்றே தனிக் கேபிள், சரியான எர்த் இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, தொட்டியில் இருப்பவர் கைக்கு எட்டாத, ஆனால் பார்வைக்குத் தெரியும் தூரத்தில் ஒரு சுவிட்ச் ஆகியவை கட்டாயம் வேண்டும். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்து, சோதித்து, எழுதிக் கொடுக்க வேண்டும். ஈர உடம்போடு தண்ணீரில் உட்காரப் போகிறவர்கள் உங்கள் வீட்டார்.

மாதச் செலவுக்கு வருவோம். 1,200 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 1.4 யூனிட் மின்சாரம் வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 38 டிகிரிக்குக் கொண்டுவர 18 யூனிட். 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஆறு மணி நேர வேலை. இது தண்ணீரை மாற்றும்போது மட்டும் வரும் செலவு. தினசரி நடப்பது சூட்டைக் காப்பதுதான். அதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. 38 டிகிரிக்குச் சூடாக்கி, மூடியைப் போட்டு, ஹீட்டரை நிறுத்திவிட்டு, ஒரு நாள் கழித்து வெப்பமானியைப் பாருங்கள். மூன்று டிகிரி இறங்கியிருந்தால் நாளுக்கு நாலரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகும். சுற்றோட்டப் பம்ப் 250 வாட் என்று வைத்து, எட்டு மணி நேரம் ஓடினால் இன்னும் இரண்டு யூனிட். இரண்டையும் கூட்டி முப்பதால் பெருக்கி, உங்கள் மின்கட்டண வீதத்தைப் போட்டால் தொகை கையில் வந்துவிடும். ஜெட் (தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் துளைகள்) ஓடும் நேரமும் மூடி திறந்திருக்கும் நேரமும் இதன் மேல் சேரும். விற்பவரின் காட்சிக்கூடத்தில் நீர் நிரப்பிய தொட்டி இருந்தால் இந்தச் சோதனையை அங்கேயே செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்காமல் செய்துகாட்டுபவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

மூடியைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வெந்நீர் ஆறுவது பெரும்பாலும் ஆவியாவதால்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் தொட்டி முழுவதும் ஏறத்தாழ அரை டிகிரி குளிர்ந்துவிடும். மெல்லிய மூடியும் விளிம்பில் சரியாகப் பொருந்தாத மூடியும் ஒவ்வொரு இரவும் உங்கள் பணத்தை ஆவியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். நுரைப் பலகை வைத்த, கெட்டியான, பூட்டக்கூடிய மூடியாக வாங்குங்கள். சில ஆண்டுகளில் அது ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும். ஒருவரால் தூக்க முடியாத நிலை வந்தால் மாற்ற வேண்டும் என்று பொருள். அதற்கும் ஆண்டுதோறும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது தண்ணீரின் சுத்தம். விற்பவர் யாரும் இதைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை. 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே நிமோனியா பரவிப் பலர் இறந்தார்கள். அதன் பின்தான் லெஜியோனெல்லா என்ற கிருமியை அடையாளம் கண்டார்கள். 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீர் அதற்கு வளர ஏற்றது. உங்கள் ஸ்பாவின் வெப்பம் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. ஜெட் கிளப்பும் நுண்துளிகளோடு அது மூச்சில் போகும். கவனித்துப் பராமரித்தால் பயப்பட ஒன்றும் இல்லை. குளோரின் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. புரோமின் போடுவதென்றால் 4. அமில காரத்தன்மை (pH) 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்க வேண்டும். 1,200 லிட்டருக்குக் குளோரின் மூன்றரை கிராம் சொச்சம்தான். ஆனால் சூட்டில் அது வேகமாகத் தீர்ந்துபோகும். ஆள் இறங்கினால் இன்னும் வேகம். ஆகவே சோதனைத் தாளை இறங்குவதற்கு முன் நனைத்துப் பார்ப்பது பல் துலக்குவதுபோல் பழகிவிட வேண்டும். அரை நிமிட வேலை. மருந்தைத் தண்ணீரில் போடுங்கள். மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஒரு வகைக் குளோரினை இன்னொரு வகையோடும் அமிலத்தோடும் ஒருபோதும் கலக்காதீர்கள். கடின நீர் என்றால் ஹீட்டர் கம்பியில் உப்புப் படியும். நிரப்புவதற்கு முன்பே தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்.

தண்ணீரை எப்போது மாற்றுவது? தொட்டியின் லிட்டரை 12-ஆல் வகுத்து, தினமும் இறங்குபவர் எண்ணிக்கையால் மறுபடி வகுத்தால் நாட்கணக்கு வரும். 1,200 லிட்டரில் தினமும் இருவர் என்றால் 50 நாள். சிறிய தொட்டிக்கு இதில் ஒரு குறை உண்டு: 750 லிட்டரில் அதே இருவருக்கு 31 நாளில் மாற்ற வேண்டிவரும். ஆனாலும் உங்கள் குடும்பத்துக்கு மூன்று பேர் தொட்டியே பொருத்தம் என்பது என் கருத்து. எடை, சூடாக்கும் செலவு, இடம் மூன்றும் இறங்கிவிடுகின்றன. ஐந்து பேரும் ஒன்றாக உட்காரும் நாள் ஆண்டில் எத்தனை வரும் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுப் பாருங்கள்.

மகன் இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை வெந்நீர்த் தொட்டியில் இறக்கக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளை, வெப்பத்தைக் குறைத்து, ஐந்து பத்து நிமிடம், தலை வெளியே இருக்கும்படி, பெரியவர் ஒருவர் கூடவே இருக்க, இறங்கலாம். அதற்கு முன் தொட்டியின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் துளைகளைப் பார்த்தாக வேண்டும். 2002-இல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அத்தகைய துளையின் இழுவிசையில் சிக்கி எழ முடியாமல் தண்ணீருக்குள்ளேயே இறந்துபோனாள். அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2007-இல் அங்கே சட்டம் வந்தது. உறிஞ்சும் துளை ஒன்று மட்டும் இருக்கும் தொட்டியை வாங்காதீர்கள். இரண்டாவது இருக்க வேண்டும். இரண்டின் மேலும் முடியும் உடம்பும் சிக்காத, மேடான பாதுகாப்பு மூடி இருக்க வேண்டும். அது விரிசல் விட்டாலோ கழன்றாலோ அன்றைக்குத் தொட்டியில் யாரும் இறங்கக் கூடாது. நீளமான கூந்தலைக் கட்டிக்கொண்டே இறங்க வேண்டும், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கும் 40 டிகிரிதான் உச்சம், 38 போதும், ஒரு முறைக்கு 15 நிமிடம். உங்கள் மாமியாருக்கு இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இதயக் கோளாறோ இருந்தால், பொறியாளரை அழைப்பதற்கும் முன் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். வெந்நீரிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். கணவரின் முதுகுவலிக்கு வெந்நீரும் ஜெட்டும் இதம் தரும். ஆனால் எந்த வலிக்கு எது ஆகும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நீராவி அறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எடைக் கவலை இல்லை, தண்ணீரும் கொஞ்சம்தான் செலவாகும், 40 முதல் 45 டிகிரியில் ஈரக்காற்று. ஆனால் சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் ஆவி புகாத தடுப்பு முழுமையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து அறைச் சுவர் பூசணம் பிடிக்கும். கூரையையும் சாய்வாகக் கட்ட வேண்டும். தட்டையாகக் கட்டினால் குளிர்ந்த துளிகள் தலையில் சொட்டும். மூட்டுக்கு இதம் வேண்டுமென்றால் என் ஓட்டு வெந்நீருக்குத்தான். தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆவி அதைச் செய்யாது.

பணம் இந்த ஆண்டு முழுமையாகச் சேராது என்றால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். இப்போது பின்வாசலை ஒட்டித் தளமும் வடிகாலும் போட்டு, கேபிள் வரும் குழாயை மண்ணுக்குள் புதைத்து வைத்துவிடுங்கள். தொட்டியை அடுத்த ஆண்டு வாங்கலாம். அதுவரை அந்த மேடை உட்கார்ந்து பேச ஒரு திண்ணையாக இருக்கும்.

மாதக் கடைசித் தள்ளுபடியை விட்டுவிடுங்கள். அளவும் இடமும் முடிவாகாமல் கொடுக்கும் முன்பணம் உங்களைத் தவறான தொட்டியோடு கட்டிப்போட்டுவிடும். பொறியாளரின் தாளும், மூவரும் நிரப்பிய தலைப்புத் தாளும் கைக்கு வந்த பிறகு விலை பேசுங்கள். அப்போதும் முழுத் தொகையைக் கொடுத்துவிடாமல், தொட்டியில் நீர் நிரப்பி, சூடேற்றி, இரண்டு நாள் ஓட்டி, அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை என்பதைக் கையால் தடவிப் பார்க்கும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பின்வாசலின் நீள அகலம், மின் பலகையிலிருந்து அங்கே உள்ள தூரம், வாசல் கதவின் அகலம் மூன்றையும் அளந்து எனக்கு எழுதினால், எந்த அளவுத் தொட்டி உள்ளே வரும், கேபிள் எவ்வளவு பிடிக்கும் என்று கணக்கிட்டு அனுப்புகிறேன்.